மூட்டைக்குள் இருந்த சாம்பல் நிற டீ-சர்ட்

அந்தப் படத்துக்குப் போகலாம் என்று சொன்னது என் மனைவி. மகள் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பரீட்சை என்பாள். காலேஜ் விட்டு வந்ததும் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "எங்காச்சும் வெளிய கூட்டிட்டுப் போனாத் தேவலைங்க. புள்ள மொகமே செத்துக் கெடக்குது" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு மூன்று பேரும் கிளம்பினோம்.

வெள்ளைக்காரன் போவதற்குச் சில வருடங்களுக்கு முன் மதராஸில் நடக்கிற கதை. ஒரு பெரிய பங்களா. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண். பங்களாக்காரர் வக்கீல், குடும்பஸ்தர். அவருக்கும் அவளுக்கும் இருந்தது வெளியே யாருக்கும் தெரியாது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வக்கீல் செத்துப்போகிறார். ஊரே கூடி அழுகிறது. அவள் அண்டைவீட்டுக்காரியாகப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருகிறாள். அதற்கப்புறம் அவள் அழாமல் இருப்பதுதான் கதை. பட்டுப்புடவை, கண்ணாடி விளக்கு, மழையில் நனைந்து நிற்கும் கறுப்புக் கார் என்று ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து எடுத்திருந்தார்கள்.

நான் படத்தை அப்படிப் பார்க்கவில்லை. முப்பது வருடமாகப் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் துணியை விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, நூல் விட்ட தையல் என்று தேடித் தேடி, சினிமாவுக்குப் போனாலும் கண் அங்கேதான் போகும். வக்கீல் கோட்டைக் கழற்றுகிற இடத்தில் உள்பனியனின் கை மடிப்பு தெரிந்தது. இரட்டை ஊசித் தையல். மகள் பக்கம் சாய்ந்து, "அந்தக் காலத்துல ஏது கண்ணு இந்த மெஷினு? நம்மூர்ல இருந்துதான் வாங்கிட்டுப் போயிருக்கானுக" என்றேன். வழக்கமாக அவள், "அப்பா, படத்தைப் பாருங்க, பீஸ் செக் பண்ணாதீங்க" என்று என் தொடையில் தட்டுவாள். அன்றைக்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வக்கீலின் மனைவி கருமாதி முடிந்து அவருடைய துணிமணிகளையெல்லாம் வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறாள். ஒருநாள் காலை வீணைக்காரப் பெண் ஜன்னலைத் திறக்கிறாள். பங்களாத் தோட்டக்காரர் வக்கீலின் கோட்டைப் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். தோள் தொங்குகிறது, கை நீளமாக இருக்கிறது. அவள் அவரைக் கூப்பிடுகிறாள். "பொத்தான் ஒண்ணு தொங்குது பாருங்க. கழட்டிக் குடுங்க, தைச்சுத் தர்றேன்" என்கிறாள். அவர் திண்டாடிக்கொண்டே கழற்றிக் கொடுக்கிறார். அவள் உள்ளே போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள். ஒரு பொத்தான் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. பாட்டு இல்லை, வசனம் இல்லை.

பக்கத்தில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் மகள் எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். தியேட்டர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே பாப்கார்ன் மெஷின் பொரிந்துகொண்டிருந்தது. "ஏன் கண்ணு, தலை வலிக்குதா?" என்றேன். அவள் காலேஜ் பையின் உள் ஜிப்பைத் திறந்து எதையோ எடுத்து மடியில் வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு துணி வளையம். ஒரு டீ-சர்ட்டின் கழுத்து.

"கழுத்து மட்டும் கெடைச்சுதுங்கப்பா. மிச்சத்த என்ன பண்ணுனீங்க?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் பனியன் துணி ஒரு மூட்டை கிடக்கும். கழித்துப் போட்ட பீஸ், அளவு மாறிய பீஸ், சாயம் ஏறாத பீஸ் என்று கம்பெனியில் இருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது. மண்ணரையில் இருக்கிற எங்கள் வீட்டில் அது படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்லதாக இருந்தால் வீட்டில் போட்டுக்கொள்வோம். இல்லையென்றால் தரை துடைக்க, அடுப்புத் துடைக்க, வண்டி துடைக்க. எங்கள் ஊரில் யாரும் பணம் கொடுத்துக் துடைக்கிற துணி வாங்கி நான் பார்த்ததில்லை. அந்த மூட்டையில் கைவிட்டு ஒன்றை எடுக்கும்போது அது யாருடையது என்று யாரும் கேட்பதுமில்லை.

படத்துக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு காலையில் அதில்தான் ஒரு சாம்பல் நிற டீ-சர்ட்டை எடுத்தேன். அடியில் இருந்தது. கழுத்துப் பட்டி கொஞ்சம் தேய்ந்து நூல் எழும்பியிருந்தது. அதைக் கவனித்தேன் என்பதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. கழித்த பீஸ் யாரும் போடாதது. அதன் கழுத்து தேயாது. தேய்ந்திருந்தால் ஒரு ஆள் அதைப் போட்டு, துவைத்து, திரும்பப் போட்டிருக்கிறான். கம்பெனியில் என் மேஜை மேல் இப்படி ஒன்று வந்திருந்தால் தைக்கிற லைனையே நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பேன். வீட்டில், என் பழைய துணியாக இருக்கும் என்று நினைத்துக் கத்திரியை எடுத்துவிட்டேன். தையலும் கழுத்துப் பட்டியும் இருந்தால் வண்டியில் கீறல் விழும். அதனால் கழுத்தை வெட்டி மூட்டையிலேயே எறிந்துவிட்டு மிச்சத்தை மூன்றாகக் கிழித்தேன். ஒன்றை ஸ்கூட்டருக்கு வைத்துக்கொண்டேன். இரண்டைச் சமையல்கட்டில் போட்டேன்.

அவள் அதை ஒளித்து வைத்த இடம் அந்த மூட்டை. பீரோவில் வைத்தால் அம்மா மடிக்கும்போது கேட்பாள், இது யாரு சட்டை என்று. மூட்டையில் நூறு ஆம்பளை டீ-சர்ட். அங்கே அது யாருக்கும் கண்ணில் படாது என்று நினைத்திருக்கிறாள். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

"யாருதுடா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் பேர் சொல்லவில்லை. "உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப சாம்பிள் பை கொண்டுட்டு வந்தாங்கல்ல, அவங்க" என்றாள்.

அவன் என்று சொல்லவில்லை. அவங்க என்றாள். அவள் அம்மா என்னைச் சொல்கிற மாதிரி. படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பையன் எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவன். திண்டுக்கல் தாண்டி ஒரு ஊர்க்காரன். கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நான் ஒரு பீஸைத் திருப்பி அனுப்பினால், "சார், உங்க கண்ணு முன்னால ஆண்டவனே வந்து நின்னாலும் சைடு தையல் கோணல்னு ரிஜெக்ட் பண்ணீருவீக" என்பான். இரண்டு மாதம் முன்பு ஒரு புதன்கிழமை சாயங்காலம் பூண்டி தாண்டிப் பைக்கில் போகும்போது ஒரு லாரியில் மோதி அங்கேயே போய்விட்டான். மறுநாள் காலை கம்பெனியில் இருந்து ஐந்தாறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாலை போட்டோம். அவன் அப்பா, வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர், எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் வீட்டு வாசலிலேயே நின்று, "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கேன், தண்ணி வை கண்ணு" என்று குரல் கொடுத்தேன். மகள் அன்று காலேஜ் போகவில்லை. பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்து, "யாருங்கப்பா?" என்றாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னேன். நம்ம வீட்டுக்குக்கூட ஒருக்கா வந்தானே, சாம்பிள் பை கொண்டுட்டு, அந்தப் பையன் என்று. அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே நான் என் மனைவியிடம், "இந்த வயசுப் பசங்களுக்குக் கைல போனு. அந்தப் பக்கம் எவளோ ஒருத்தி பேசிட்டே இருப்பா. ரோட்டப் பார்த்தாத்தான?" என்றேன். மகள் அப்போது எனக்கு ரசம் ஊற்றினாள். கை நடுங்கவில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

தியேட்டர் படியில் அவள் அதைத்தான் அடுத்துச் சொன்னாள். "அவங்க போன் பேசீட்டுப் போகலீங்கப்பா. நான்தான் கூப்பிட்டுட்டே இருந்தேன். எடுக்கவே இல்ல."

"நான் சொன்னது தப்பு கண்ணு" என்றேன். அப்புறம், "எத்தனை நாளா?" என்று கேட்டேன். ஒன்றரை வருடம் என்றாள். ஒருநாள் மழையில் நனைந்து நின்றபோது பையில் இருந்த டீ-சர்ட்டைக் கொடுத்து மேலே போட்டுக்கச் சொன்னானாம். திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசுவதாக இருந்தானாம். "உங்கப்பாகிட்டப் பாஸ் ஆகுறதுதான் கஷ்டம்னு சொல்லுவாங்க" என்றாள்.

இடைவேளையில் மனைவி எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். தலைவலி என்று சொல்லிப் பாதிப் படத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த இரண்டு மாதத்தை நான் இப்போதும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இல்லாமல் அவள் வீட்டில் தனியாக இருந்த நேரங்கள். மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறிய தடவைகள். அவள் தன்னை ஒன்றும் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நான் தெருமுனையில் போய் நின்றுகொள்கிறேன். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தேன். ஒரு துண்டு வண்டி எண்ணெயில் கறுத்துப்போய் இருந்தது. இன்னொன்று கேஸ் அடுப்புப் பக்கம், மஞ்சள் கறையோடு. மூன்றாவதைத் தரை துடைத்துக் குப்பைவண்டிக்குப் போட்டுவிட்டதாக மனைவி சொன்னாள். கிடைத்த இரண்டையும் எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். கறை எடுப்பது எனக்குத் தண்ணீர் பட்டபாடு. எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் துவைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கொண்டுபோய் அவளிடமே நீட்டினேன். வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எண்ணெ வாசந்தான் வருது. துவைச்சுக் குடுத்திடுங்கப்பா. கழுத்து எங்கிட்ட இருக்குதுல்ல" என்றாள்.

துவைத்துக் கொடுத்தேன். எண்ணெய்க்கறை முழுக்கப் போகவில்லை.

மனைவியிடம் நான்தான் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் கோபம் வந்தது, என் மேல். நீங்கதான் கம்பெனிக்காரனையெல்லாம் ஊட்டுக்குள்ள விட்டீங்க என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் நான், அந்தப் பையன் ஊருக்கு மகளை ஒருக்கா கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுமா என்று கேட்டபோது அவள் அரிவாள்மனையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க? போனது போயிருச்சு. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"துக்கம் கேக்கறதுக்குத்தான். கம்பெனி சார்பா போறேன்னு சொல்லிக்கறேன்."

"இவளை என்னன்னு சொல்லுவீங்க?"

"எம்பொண்ணுன்னு சொல்றேன். தொணைக்கு வந்தான்னு."

அவள் இன்னொரு முருங்கைக்காயை எடுத்து நாரை இழுத்தாள். "ஒரு வார்த்தை வாயத் தொறக்கப்படாது. ரெண்டு பேரும்" என்றாள் கடைசியில். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் பயம்தான் என் பயமும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு எந்த வேகத்தில் போகும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் போனோம். தாராபுரம் தாண்டும்வரை மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அந்தப் படத்துல அவங்க பொத்தான் தைச்சிட்டுக் கோட்டத் திருப்பிக் குடுத்திருப்பாங்கல்லப்பா?" என்றாள்.

"குடுத்துத்தான ஆகோணும். தோட்டக்காரனுக்குக் குளுருமில்ல" என்றேன்.

அவள் உதடு லேசாக அசைந்தது. இரண்டு மாதத்தில் அதுதான் சிரிப்பு என்று சொல்லக்கூடியது. அதன்பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். அங்கே நான் பேசிக்கொள்கிறேன், நீ சும்மா இரு. கிளம்பும்போது போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூடாது, துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட வேண்டும். தலையாட்டினாள்.

ஓட்டு வீடு. முன்னறையில் அவன் படம், மாலை, சின்ன விளக்கு. அவன் அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஆஸ்பத்திரிக்கு வந்தீகள்ல" என்று பாயை விரித்தார். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என் மனைவி வயதுதான் இருக்கும். "கம்பெனிக்காரகளா? வாங்க" என்றார். என் மகளைப் பார்த்து, "இது உங்க மகளா?" என்றார். ஆமாங்க என்றேன். மகள் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் பேசவேண்டியதைப் பேசினேன். நல்ல பையன், வேலையில் கெட்டி. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே சொன்னார்:

"ஊருக்கு வந்தான்னா போனை வச்சுக்கிட்டு அந்தா அந்த வேப்பமரத்தடியிலதான் நிப்பான். யாருடா அதுன்னா, கம்பெனியிலருந்துங்கும்பான். கம்பெனிக்காரன்கிட்ட எவனாவது இப்பிடிப் பல்லக் காட்டிப் பேசுவானா? நானும் விட்டுட்டேன். வரட்டும், அவனே சொல்லட்டும்னு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்காவது நாலு பேரு வந்து கட்டிப்பிடிச்சு அழ இருக்காக. அந்தப் புள்ள எங்கிட்டு இருக்கோ. அது யார்ட்டப் போயி அழும்? ஒருக்கா கண்ணுல பாத்தாப் போதும்னு இருக்கு."

அவன் அப்பா, "விடு, வந்தவகட்ட எதுக்கு அதெல்லாம்" என்றார்.

என் மகள் நிமிரவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று நான் சொன்னதை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ரசம் ஊற்றிய அன்று இருந்த அதே கை, நடுங்காமல், பை வாரைப் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. இன்றைக்குப் புரிந்தது.

"இவதாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்துகூட வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே நகர்ந்து வந்து அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கினார். அதற்குப் பிறகு என் மகளிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுத முடியாது. அவள் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படி வாய்விட்டு அழுது கேட்டதில்லை. அவளை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேப்பமரத்தைக் காட்டி, வைத்து இருபது வருடம் ஆகிறது என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் வாசலில் இறங்கிச் செருப்பு மாட்டினேன். பின்னால் மகள் குரல் கேட்டது. "வர்றேன்மா."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா நிலைப்படியில் நின்றிருந்தார்.

"வா தாயி" என்றார்.

திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மனைவி போன் செய்தாள். பஸ்களின் ஹாரனில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீல்ல?"

"சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றும் தெரியாது.

"புள்ள ஏதாச்சும் சாப்பிட்டாளா?" என்றாள் மனைவி.

திரும்பிப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. கடை ஓரம் நின்று, நான் வாங்கிக் கொடுத்த பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்புடறா" என்றேன்.